உதிரித் திராட்சை

கரையான்சாவடி மெயின் ரோட்டில், ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு எதிரே திராட்சை வண்டி போட்டிருக்கும் வேம்புலியம்மாளிடம் போய் "ஒரு கிலோ கொடு" என்றால் உடனே கிடைத்துவிடாது. "யாருக்கு? இன்னா நோவு?" என்று இரண்டு கேள்வி வரும். பதில் சொன்ன பிறகுதான் கை தராசுக்குப் போகும். ஆபரேஷன் ஆனவருக்கா, காய்ச்சலில் கிடப்பவருக்கா, பிள்ளை பெற்றவளுக்கா என்று விசாரித்து, பன்னீர் திராட்சையா பச்சைத் திராட்சையா என்பதை அவளே முடிவு செய்வாள். வாங்குகிறவருக்கு அதில் பேச்சில்லை.

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போகும் வழக்கம் நம்மிடம் கிடையாது. ஆப்பிள் விலையைக் கேட்டுப் பின்வாங்கியவர்களும், மாதுளை உரிக்க யார் உட்காருவது என்று நினைப்பவர்களும் கடைசியில் திராட்சைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால் அவளுக்கு வியாபாரம் படுத்ததே இல்லை.

வண்டிக்கு முன்னால் ஒரு தகரப் பலகை தொங்கும். பக்கத்தில் இளநீர் வெட்டும் டில்லிபாபு பெயின்ட்டில் எழுதிக் கொடுத்தது. 'திராட்சை: நெஞ்சுக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, ரத்தத்துக்கு நல்லது, எல்லாத்துக்கும் நல்லது.' கடைசி வரி வேம்புலியம்மாள் சொல்லிச் சேர்த்தது. சும்மா எழுதிக் கொடுக்கிறோமே, 'இளநீரும்' என்று ஒரு ஓரத்தில் போட்டுக்கொள்கிறேன் என்று டில்லிபாபு கேட்டுப் பார்த்தான். நடக்கவில்லை.

அவள் அளந்துவிட்டதெல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. "தோல உரிக்காத, கொட்டையத் துப்பாத, அப்டியே மென்னு முழுங்கு. சத்து அதுலதான் கீது. ஜூஸ் போட்டு வடிகட்டிட்டீன்னா வெறும் சக்கரத் தண்ணிதான்" என்பாள். படித்த டாக்டர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். யாராவது சந்தேகமாகப் பார்த்தால் தன்னையே சாட்சிக்கு இழுப்பாள். "பதினாறு வருசமா திராட்சை துன்றேன். ஒரு ஊசி போட்டுகினது இல்ல. என்னப் பாரு."

பார்த்தால் நம்பத்தான் தோன்றும். ஐம்பத்து நான்கு வயது, கணீரென்ற குரல். விடியற்காலையில் கோயம்பேட்டிலிருந்து பெட்டி ஏற்றிவந்து, மாலை வரை நின்ற இடத்தில் நிற்பாள்.

அவள் தின்ற விதத்தைச் சொல்ல வேண்டும். பெட்டியிலிருந்து கொத்துகளைத் தூக்கும்போது அடியில் உதிர்ந்த பழம் தங்கும். உதிரியை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை. நல்ல பழத்தைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனம் வராது. ஒரு எவர்சில்வர் தட்டில் அள்ளிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை கை தட்டுக்கும் வாய்க்கும் போய்வந்துகொண்டே இருக்கும். ஒரு கிலோ உள்ளே போயிருக்கும். ராத்திரி வீட்டில் புருஷன் செங்கல்வராயன் கேட்டால், "மத்தியானம் ஒண்ணுமே துன்னல" என்பாள். பொய் இல்லை, அவள் அப்படித்தான் நம்பினாள். உதிரியை அவள் சாப்பாட்டில் சேர்த்ததே இல்லை.

பொங்கலுக்கு வாங்கிய புதுச் செருப்பு இடது கால் சுண்டுவிரலைக் கடித்தது. மஞ்சள் வைத்துத் துணி சுற்றினாள். தையும் மாசியும் போயின, புண் அப்படியே இருந்தது. வலி மட்டும் இல்லை. அதையே அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். "வலியே இல்ல, ஆறிகினு வருது" என்று டில்லிபாபுவிடம் பெருமையாகச் சொன்னாள். தண்ணீர் குடம் குடமாகக் குடித்ததை வெயில் கணக்கில் எழுதினாள்.

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் கிருஷ்ணப்பிரியா தினமும் கால் கிலோ வாங்குகிறவள். பங்குனி தொடக்கத்தில் ஒருநாள் காலில் இருந்த கட்டைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா காலு?"

"செருப்பு கடிச்சிட்ச்சு பாப்பா."

"எப்போ?"

"பொங்கலப்போ."

கிருஷ்ணப்பிரியா பழத்தை வாங்கவில்லை. நேரே உள்ளே போய் சர்க்கரை பார்க்கும் சின்ன மெஷினோடு திரும்பி வந்தாள். வேம்புலியம்மாள் சிரித்தாள். தெருவுக்கே வைத்தியம் சொல்கிறவளுக்குப் பரிசோதனையா? சரி, ஆசைப்படுகிறாளே என்று விரலை நீட்டினாள். கிருஷ்ணப்பிரியா ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். மெஷின் நானூற்று எழுபது என்றது.

டில்லிபாபு கத்தியைக் கீழே வைத்துவிட்டான். வேம்புலியம்மாள் அசரவில்லை.

"காலைலேர்ந்து பழத்துலயே கெடக்குற வெரலு பாப்பா. பஞ்சுல தொடச்சா போயிடுமா? உன் மிசினு என் ரத்தத்தப் பாக்கல, என் பழத்தப் பாத்துக்கீது."

கிருஷ்ணப்பிரியா மெஷினைக் கீழே இறக்கினாள். உண்மைதான். பழச்சாறு ஒட்டிய விரலில் பார்த்தால் கணக்கு ஏறித்தான் காட்டும், ஸ்பிரிட் துடைப்பு அதற்குப் போதாது. வகுப்பில் படித்ததை ஒரு வண்டிக்காரி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. "நீங்க சொல்றது சரிக்கா. சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க, இன்னொரு கை விரல்ல பாக்கலாம்" என்றாள்.

ஜெயித்த தெம்பில் வேம்புலியம்மாள் ஆஸ்பத்திரி வாசல் குழாய்க்குப் போய் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவினாள். ஈரம் போக உதறிக் காயவிட்டு வந்து கையை நீட்டினாள்.

முன்னூற்று இருபத்தாறு.

இந்தத் தடவை வேம்புலியம்மாள் மெஷினைத் தானே வாங்கிப் பார்த்தாள். பயந்துபோனாள். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக வண்டியை அப்படியே விட்டுவிட்டு எதிரே இருந்த கட்டிடத்துக்குள் நோயாளியாகப் போனாள். டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கிறது, நரம்பு மரத்துப் போனதால்தான் வலி தெரியவில்லை என்றார். "சீழ் உள்ளே இறங்கியிருக்கு. பத்து நாள் மருந்து போட்டுப் பார்ப்போம். கேட்கலைன்னா சுண்டுவிரலை எடுத்துடணும்."

விரல் போனால் நடை போகும், நடை போனால் வண்டி போகும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் இதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். அதைவிட அந்தப் பலகைதான் உறுத்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே தொங்கியது. எல்லாத்துக்கும் நல்லது. எத்தனை பேரிடம் நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் டில்லிபாபு பார்க்க வந்தான். கையில் பை. உள்ளே ஒரு கிலோ பன்னீர் திராட்சை, அவளுடைய வண்டியிலிருந்தே எடுத்தது.

"அறிவுகீதா உனக்கு?" என்றாள்.

"வெறுங்கையோட எப்டிக்கா வர்றது?" என்றான் அவன் பரிதாபமாக. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ரத்தம் எடுக்க வந்த கிருஷ்ணப்பிரியாவிடம் அன்றைக்கு நேராகவே கேட்டாள். "சொல்லு பாப்பா. நான் வித்தது விஷமா?"

"இல்லக்கா. பழத்து மேல தப்பே இல்ல. பலகையில எழுதினது பாதிக்கு மேல சரிதான். அளவை எழுதாம விட்டுட்டீங்க, அவ்வளவுதான். உங்களுக்கும் திராட்சை உண்டு. மாத்திரை போட்டு, சோறு காய்கறி அளவாச் சாப்பிட்டு, அதோட பதினஞ்சு பழம். டாக்டரைக் கேட்டுக்கிட்டே சாப்பிடலாம். தட்டை வெச்சுக்கிட்டு நாள் முழுக்க சாப்பிடக் கூடாது."

ஒன்பதாம் நாள் கட்டைப் பிரித்தபோது புண்ணின் ஓரத்தில் புதுத்தசை சிவப்பாகத் தெரிந்தது. விரல் தங்கும் என்றார் டாக்டரம்மா. வேம்புலியம்மாள் வாய்விட்டு அழுதாள்.

புண் முழுக்க ஆறும்வரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வியாபாரம் பார்த்தாள். குரல் மட்டும் பழையபடியே கணீரென்று ஒலித்தது. உதிரிக்கும் ஒரு வழி பிறந்தது. அதை அலசித் துடைத்து, சின்ன டீ கப்பில் கப்புக்குப் பதினைந்தாக எண்ணி அடுக்கி வைத்தாள். பலகையில் கடைசி வரியை டில்லிபாபு அழித்துவிட்டு, அவள் சொன்னபடி எழுதினான்: 'சுகர் இருந்தா டாக்டரைக் கேளு, அளவாத் துன்னு.'

சித்திரையில் ஒருநாள் அழகேசன் என்று திருமழிசை கம்பெனி ஆள் ஒருவன் பைக்கை ஓரம் கட்டினான். அப்பாவை உள்ளே சேர்த்திருக்கிறானாம், இரண்டு கிலோ பன்னீர் வேண்டும்.

"இன்னா நோவு?"

"சுகரு. கால்ல புண்ணு."

வேம்புலியம்மாள் தராசைத் தொடவில்லை. ஒரு கப்பை எடுத்து நீட்டினாள். "டாக்டர் சரின்னா, இது இன்னைக்கி போதும். நாளைக்கி வந்து இன்னொண்ணு வாங்கிக்க."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, டீ கப்பைத் தூக்கிகினு போனா சொந்தக்காரங்க சிரிக்க மாட்டாங்க? நீ பழம் விக்கிறியா, புத்தி விக்கிறியா?"

வேம்புலியம்மாள் இடது காலைச் செருப்பிலிருந்து உருவி, ஸ்டூல் மேல் தூக்கி வைத்தாள். சுண்டுவிரலின் பக்கத்தில் தழும்பு பளபளவென்று இருந்தது.

"எண்ணு நைனா" என்றாள்.

அழகேசன் குனிந்து பார்த்தான். உதடு அசைய அஞ்சு வரைக்கும் எண்ணினான். பிறகு கப்பை வாங்கிக்கொண்டான்.

"உங்கப்பனுக்கும் அஞ்சும் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பினாள். "யாருக்கு? இன்னா நோவு?"