என் தலைக்கு ஓங்கிய அலவாங்கு

சபையாரே, நான் பெற்ற பிள்ளைக்கு நானே விஷம் அனுப்பியவன். அதைச் சொல்லத்தான் இங்கே எழுந்து நிற்கிறேன்.

என் பேர் யாக்கோபு. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் காடு வெட்டும் ஆட்களுக்குக் கங்காணியாக இருந்தேன். எனக்கு வாய்க்கு முந்திக் கை பேசும். ஞாயிற்றுக்கிழமை முழங்காலில் நிற்பேன், திங்கட்கிழமை எவன் கன்னத்திலாவது அறைவேன்.

கீழ்நாட்டில் மலேரியாக் காய்ச்சல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன வருஷத்துக்கு அடுத்த மாசி. ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் சாப்பாட்டுக்குச் சற்று முன். காட்டு மரத்தின் பட்டையைச் சுற்றிச் செதுக்கி ஒரு மருந்து தடவுவோம். மரம் நின்ற மேனிக்கே செத்துப்போகும். மனுஷனுக்கும் அது விஷம்தான். அந்த மருந்துப் பீப்பாயை ஏற்றி வந்த மாட்டுவண்டி சரிவில் குடைசாய்ந்தது. பீப்பாய் பாறையில் மோதிப் பிளந்தது. காளை ஒன்று கால் முறிந்து கதறியது.

எங்கள் ஆட்கள் எல்லாரும் வெறுங்கால். மருந்து பட்டால் கால் வெந்துபோகும். வீட்டில் எது கொட்டினாலும் செய்வதையே செய்யச் சொன்னேன்.

"தண்ணிய ஊத்திக் கழுவி விடுங்கடா! கால் வைக்க முடியல!"

மண்ணைப் போட்டு மூடியிருக்க வேண்டும். எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. வாளி வாளியாக ஊற்றினார்கள். மருந்து நுரைத்துக்கொண்டு இறங்கி வாய்க்காலில் விழுந்தபோதுதான் உறைத்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் குடம் பிடிக்கும் பீலிக் குழாய்க்கும், தேயிலை ஸ்டோரில் இயந்திரம் ஓட்டும் சக்கரத்துக்கும் அதே வாய்க்கால் தண்ணீர்தான். கொழுந்து பறிக்கிறவர்கள் வீடு திரும்பும் நேரம். என் மனைவி சூசையம்மா பிள்ளையோடு அங்கேதான் நிற்பாள்.

வாய்க்கால் மலையைச் சுற்றிப் போகும். நான் மண்வெட்டியோடு தேயிலைக்குள் நேராக விழுந்து ஓடினேன். பீலிக்கு மேலே கரையை உடைத்துத் தண்ணீரைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

இரண்டு வெட்டு விழுவதற்குள் வாய்க்கால் காவல்காரன் முத்துக்கருப்பன் கல் நெம்பும் இரும்பு அலவாங்கோடு வந்துவிட்டான். போன தீபாவளிக்கு நான் பல்லை உடைத்து அனுப்பிய ஆள்.

"வாய்க்கால உடைக்கிறியா? சக்கரம் நின்னா தொரை என் தோல உரிச்சிருவாரு!"

"கருப்பா, வெசம் வருது, விடுடா!"

"யாருக்குடா காது குத்துற?"

முதல் அடி இடது கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்கே கேட்டது. வலது கையில் மண்வெட்டி இருந்தது. அவன் மண்டை எட்டும் தூரத்தில் இருந்தது. ஓங்கிவிட்டேன். ஒரே போடு, பிளந்திருப்பேன். அப்போது பிள்ளையின் முகம் கண்ணில் வந்தது.

"ஆண்டவரே, இந்தக் கை இவன் மேல விழ வேணாம். ஒத்தக் கையால என்னால முடியல. இன்னொரு கை குடுங்க!" என்று கத்தினேன். திரும்பிக் கரையை வெட்டினேன்.

கருப்பன் என் தலையைக் குறி வைத்து அலவாங்கை இரண்டு கையாலும் இறக்கினான். சேற்றில் என் கால் வழுக்கியது. அலவாங்கு காதோரம் போய் கரைக்குள் இறங்கியது. அவன் ஆத்திரத்தோடு நெம்பி இழுத்தான். நான் வெட்டிய இடத்திலிருந்து கரை முழுசாகப் பெயர்ந்தது. தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் அடித்துக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்தது. பின்னாலேயே அந்த வெள்ளை நுரை வந்தது. கருப்பன் பார்த்தான். அவன் வீட்டுக்கும் அதே பீலிதான். பள்ளத்திலிருந்து ஏறி, கீழ் வாய்க்காலைக் கல்லாலும் புல்கட்டியாலும் அடைத்தான்.

நான் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். காய்ந்த பீலியின் முன்னால் வெறுங்குடத்தோடு சூசையம்மா நின்றாள், இடுப்பில் பிள்ளை.

"எந்தப் பாழாப்போனவன் தண்ணிய நிறுத்துனது? அவன் கை வெளங்காமப் போக!"

"போயிருச்சு புள்ள," என்று முறிந்த கையைக் காட்டி விழுந்து அழுதேன்.

நனைந்த மண்ணையெல்லாம் தோண்டிப் புதைத்தோம். அந்த மருந்து உப்புக் கரிக்கும், மாடு நக்கும். அதனால் முள் வெட்டிப் போட்டு அடைத்தோம். கால் முறிந்த அந்தக் காளையைத் தவிர ஓர் உயிரும் போகவில்லை. என் தப்பைத் துரையிடம் நானே சொன்னேன். கங்காணி வேலை போனது. இடது கை இன்றும் தோளுக்கு மேலே எழும்பாது. வலது கை அன்றிலிருந்து யாரையும் அடித்ததில்லை. பல்லை உடைத்ததற்குக் கருப்பனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"கை கேட்டியே, ஒன் சாமிக்கு என் கையா கெடச்சிச்சு?" என்றான்.

"ஆமாண்ணே," என்றேன்.

சகோதரரே, ஆபத்தில் கூப்பிடுங்கள், அவர் கேட்பார். யார் கையால் உதவி வரும் என்று மட்டும் நீங்கள் முடிவு கட்டாதீர்கள். எனக்கு அது என்னைக் கொல்ல ஓங்கிய கையால் வந்தது.