தலைவாசல் கல்

வீரன் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுடைய அப்பா சாமியப்பன் ஆடியில் செத்துப்போனார். வீரன் அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே டேபிளில் துணி விரித்தான். கை அது பாட்டுக்கு வேலை பார்த்தது.

கொள்ளி வைத்த மகன் ஒரு வருஷம் கோயிலுக்குள் போகக் கூடாது. அந்த வருஷம் பார்த்துத்தான் சேவூர்ப் பக்கத்திலிருந்த குலதெய்வக் கோயிலைப் பிரித்துக் கட்ட ஆரம்பித்தார்கள்.

பழைய கோயில், சாமியப்பன் வாலிபத்தில் பங்காளிகளோடு கல் சுமந்து கட்டியது. வாசல் நெஞ்சு உயரம்தான். எப்பேர்ப்பட்ட ஆளும் குனிந்துதான் போகணும், முன்னால் போய்ச் சேர்ந்தவர்களுக்கு அதுதான் மரியாதை என்று வைத்த வாசல். "வாசல ஒசத்த உட்றாத" என்று படுக்கையில் கிடந்தபோதும் சொன்னார். வீரன் சரி என்று தலையாட்டியிருந்தான்.

இடிக்கிற அன்று வீரன் கோயிலுக்கு வெளியே ரோட்டோர வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டு ஆள்விட்டுக் கூப்பிட்டான். கமிட்டித் தலைவர் தங்கவேலு, பங்காளி முறையில் அண்ணன், தலையெல்லாம் புழுதியோடு வந்தார்.

"அண்ணா, வாசல் மட்டும் அப்படியே இருக்கட்டுங்ண்ணா. எங்கய்யன் கேட்டுக்கிட்டதுங்க."

"அட நீ வேற. போன நோம்பிக்கு எம்பட மாப்பள இடிச்சுக்கிட்டு நெத்தி பொடச்சுப் போச்சு. சாமி கும்புட வந்தாரா, முட்டுச் சண்டைக்கு வந்தாரான்னு ஊரே சிரிச்சுது."

"நானே உள்ள வந்து எல்லார்கிட்டயும் கேக்கறனுங்க. ஆடி வரைக்கும் பொறுங்க."

"தையில கும்பாபிசேகம். நாள் குறிச்சாச்சு வீரா."

தங்கவேலு திரும்பி உள்ளே போனார். வாசல் விழுகிற சத்தம் கேட்டது. வீரனுக்குக் கோபம்கூட வரவில்லை.

சாயங்காலம் தங்கவேலுவே வாசலின் மேல்கல்லை வெளியே புரட்டிப் போடச் சொன்னார். "வேணும்னா எடுத்துட்டுப் போ."

"கோயில் கல்லு ஊட்டுக்கு ஆகாதுங்களே."

வீரன் ஆட்களை வைத்து வேப்ப மரத்தடியில் குழி வெட்டி, கல்லைப் பாதி மண்ணுக்குள் இறக்கி நட்டான். பிறகு பஸ் ஏறி வந்துவிட்டான்.

கும்பாபிஷேகத்தன்று ஊரே உயர்ந்த வாசலில் நிமிர்ந்து போனது. வீரன் மரத்தடியில் நின்றான். புருஷனைப் பறிகொடுத்து வருஷம் திரும்பாத, பங்காளி வீட்டுப் பெரியாத்தாளும் அங்கேதான் வந்து நின்றாள்.

"ஏங் கண்ணு, இதுல செத்த உக்காரட்டுமா?"

"வேண்டாங்க ஆத்தா. பழைய வாசக்கல்லுங்க அது."

கிழவி உற்றுப் பார்த்தாள். "அட, ஆமா! இத வெச்ச உங்கய்யனே இடுப்புப் புடிச்சுக்கிட்டு, குனியறப்பெல்லாம் முணுமுணுன்னு வைவானே!" பொக்கை வாய் திறந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்து, கல்லில் நெற்றியை வைத்தாள். பிறகு தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள்.

"நீயும் வெய்யி சாமி. உள்ளதான உடமாட்டாங்க."

வீரன் மண்டியிட்டுக் குனிந்தான். கல் வெயிலில் சுட்டது. அது மட்டும்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் தோளைத் தொட்டு எழுப்பும்வரை அவன் எழுந்திருக்கவில்லை.