முன்சக்கரத்தைத் தடவிப் பார்த்த அஞ்சலை

சித்தியவானிலிருந்து அஞ்சலையின் மகள் போன் செய்தபோது நான் ஈப்போ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அம்மா காலையில போய்ட்டாங்க மாமா," என்றாள். காசு கொடுத்த மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பத்து காஜா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களுக்கெல்லாம் அஞ்சலையைத் தெரியும். என்னைவிட நான்கு வயது இளையவர். வாய்க்கு வாய் அண்ணே என்பார். அதற்காக என்னைத் திட்டாமல் விட்டதில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் தோட்டத்து பிக்அப் ஓட்டினேன். கிழட்டு வண்டி. ஆட்களைத் தூரத்துக் காட்டில் இறக்குவது, நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அதில்தான். திடீரென்று முன் டயர்கள் இரண்டும் தேய ஆரம்பித்தன. புது டயர் போட்டு மூன்றே மாதத்தில் வெளி ஓரம் மொட்டை. உள் ஓரம் புதுசு. ஈப்போ பட்டறையில் இரண்டு முறை பார்த்தார்கள். "வண்டியில ஒண்ணும் இல்ல லா, ஓட்டற ஆளைப் பாருங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

தோட்டத்து மேனேஜர் துரை அதைப் பிடித்துக்கொண்டார். காலைப் பெரட்டில், ஆட்கள் அத்தனை பேரும் பேர் கொடுக்க வரிசையில் நிற்கும்போது, எச்சரிக்கைக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். இன்னொரு டயர் தேய்ந்தால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். அப்போது என் மனைவிக்கு ஏழு மாதம்.

அன்று மத்தியானம் வெட்டிய பாலைக் கொட்டகையில் ஊற்றிவிட்டு அஞ்சலை வண்டியருகே வந்தார். கத்தியின் கூர்மையை விரலால் தடவிப் பார்ப்பது பால் வெட்டுகிறவர்களின் பழக்கம். அதே விரலால் டயரைத் தடவினார். வெளியிலிருந்து உள்ளே போனால் வழவழப்பு. உள்ளிருந்து வெளியே வந்தால் பிசிறு குத்தியது. மறு டயரும் அப்படியே.

"சக்கரம் நேரா உருளல அண்ணே. ரெண்டும் உள்பக்கமாத் திரும்பிக்கிட்டு இழுபடுது. கத்தியைச் சாய்ச்சுப் பிடிச்சா பட்டை இப்படித்தான் பிசிறடிக்கும்."

"பட்டறையில அளந்து பார்த்தாங்களே!"

"அளக்கறதுக்கு முந்தி நீங்க என்னா செஞ்சீங்க?"

அங்கேதான் என் வண்டவாளம் வெளியே வந்தது. பட்டறைக்குக் கொண்டுபோகுமுன் வண்டியைக் கழுவி, கீழே உள்ள ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸைத் திணித்துவிடுவேன். தோட்டத்து டிரைவர்கள் எல்லோருக்கும் இருந்த வியாதி அது. பட்டறைக்காரன் நம்மைக் குறை சொல்லிவிடக் கூடாதே! தேய்ந்த மூட்டு புது கிரீஸில் இறுகி உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் ஓடினால் பழையபடி ஆட்டம், சக்கரமும் உள்ளே திரும்பிக்கொள்ளும்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்ப நோவை மறைச்சு பவுடர் பூசிக்கிட்டா போவாங்க?" என்றார் அஞ்சலை.

கிரீஸைத் துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு அவரே ஆபீசுக்குப் போய்த் துரையைக் கூட்டி வந்தார்.

"கீழ கை வைங்க தொரை. அண்ணே, நீங்க ஆட்டுங்க."

துரை வெள்ளைக் கால்சட்டையோடு மண்டியிட்டு, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் மூட்டைப் பிடித்தார். நான் ஸ்டியரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்டினேன். சக்கரம் அசையவில்லை. மூட்டு மட்டும் அவர் கைக்குள் டொக் டொக்கென்று துள்ளியது.

"ஆமா, ஆடுது," என்று எழுந்தார். "சரி, அந்தக் கடிதத்தை மறந்துடலாம்."

நான் கும்பிடப் போனேன். அஞ்சலை விடவில்லை. "குடுத்தது பெரட்டுல தொரை. கிழிக்கறதும் பெரட்டுல கிழிங்க."

துரை முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார். மறுநாள் காலை என்னிடம் கடிதத்தைக் கேட்டு வாங்கி, எல்லோர் முன்னாலும் கிழித்தார். ஆட்கள் பால் வாளிகளைத் தட்டிய சத்தம் அடுத்த தோட்டத்துக்கே கேட்டிருக்கும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மூட்டை மாற்றிய பிறகு போட்ட டயர்கள் இரண்டு வருடம் ஓடின.

அஞ்சலை குனிந்து இரண்டு துண்டுகளையும் பொறுக்கி என் சட்டைப்பையில் வைத்தார். "புள்ள பொறந்து பெருசானா காட்டுங்க அண்ணே."

என் மகள் அந்த லயத்து வீட்டில்தான் பிறந்தாள். நாளை சித்தியவானுக்கு அவள்தான் காரோட்டுகிறாள். அந்த இரண்டு துண்டுகளும் என் சட்டைப்பையில் இருக்கும்.