அக்கா விருந்தாளியாகப் போன வாரம்

மருந்துப் பொட்டலத்தோடு ஒரு மஞ்சள் தாளையும் சேர்த்து என் கையில் வைத்தார் ரெம்பியா கிளினிக்கின் தாதி. "வீட்டுக்குப் போயி நிதானமா படி. ஒங்க அக்காவுக்கு ஒத்து வரும்லா," என்றார்.

எனக்கு எங்கே நிதானம்? பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதே படித்தேன். பஸ்ஸில் உட்கார்ந்து மறுபடி படித்தேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கி, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துக்குப் போகும் செம்மண் பாதையிலும் படித்துக்கொண்டே நடந்து, எதிரே வந்த சைக்கிளில் மோதப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். பிறக்கும்போது ஏற்பட்ட மூச்சுத் திணறலில் அவள் கைகால்கள் விறைத்துப்போயின. அவ்வப்போது வலிப்பும் வரும். பேச்சு உண்டு. ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சைத் திரட்டிக்கொள்ள வேண்டும். பொறுத்திருந்து கேட்பவர்களிடம் அவள் நிறையவே பேசுவாள். அப்படிப் பொறுத்தவர்கள்தான் குறைவு. அப்பா இல்லை. அம்மா விடியலில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போய்விட்டு, வேலை முடிந்ததும் அக்காவைப் பார்க்க ஓடி வருவார். நான் சம்பாதிக்கத் தொடங்கியதும் அந்த வேலையை விட்டார். அதன்பின் நாள் முழுக்க அக்காதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது என்று ஒரு நாள்கூட லீவு கிடையாது.

தாளில் இருந்த செய்தி இதுதான். தெங்கேராவில் ஓர் இல்லம். உடற்குறை உள்ளவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று, அந்த உடற்குறையாளர்களைச் சில நாள் இல்லத்தில் தங்கவைத்துக் கவனிக்கும் திட்டம். ஒரு முறைக்கு ஏழு இரவு. ஆண்டுக்குப் பதினான்கு இரவு. செலவு முழுக்க நன்கொடையாளர்கள் கொடுத்த நிதியில். வேன் வந்து அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும். கீழே விதிகள் வரிசையாக மலாயில் அச்சாகியிருந்தன. அவற்றில் எங்கேயும் நோயாளி என்ற சொல் இல்லை. 'தெத்தாமு' என்று போட்டிருந்தார்கள். விருந்தாளி! என் அக்கா ஒரு விருந்தாளி!

வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். அம்மா ஒரேயடியாக மறுத்தார்.

"ஹோமா? பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கொண்டுபோயி ஹோம்ல தள்ளிட்டாங்கன்னு லயமே பேசும்."

"தள்ளலம்மா. ஏழே நாளு. அப்புறம் அவங்களே கொண்டுவந்து விட்டுருவாங்க."

"ஏழு நாளு அவளுக்கு யாரு ஊட்டுவா? அவ எப்ப முழுங்குவா, எப்ப தண்ணி கேப்பா, யாருக்குத் தெரியும்?"

பாயில் படுத்திருந்த அக்கா தொண்டையைச் செருமினாள். நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"நான்... சொல்லித்... தருவேன்," என்றாள். பிறகு மூச்சு வாங்கி, "போறேன்," என்றாள்.

அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை வேகமாகத் துலக்க ஆரம்பித்தார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தாளோடு இணைத்திருந்த படிவத்தை அன்றைக்கே நிரப்பினேன். பெயர், ஐசி அடையாள அட்டை நம்பர், மருந்துகள், சாப்பாடு எல்லாம் கடகடவென்று எழுதினேன். 'தங்க வேண்டிய காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது. எங்களுக்கு என்ன காரணம் இருக்கிறது? வீட்டில் கல்யாணமும் இல்லை, யாரும் ஆஸ்பத்திரியிலும் இல்லை. சும்மா ஓய்வெடுக்க வேண்டும் என்று சொன்னால் இடம் கொடுப்பார்களா? ஊரில் எத்தனை பேருக்கு நிஜமான கஷ்டம் இருக்கும்? யோசித்து யோசித்து, 'அம்மாவுக்கு ஆபரேஷன்' என்று எழுதிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லத்துப் பொறுப்பாளர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். தங்குவதற்கு முன் வீட்டுக்கு வந்து பேச வேண்டும் என்பதும் ஒரு விதி. நாற்பது வயதிருக்கும், பஞ்சாபி சூட் போட்ட தமிழ்ப் பெண்மணி. நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டோம். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவர் அதில் உட்காரவில்லை. நேராகப் போய் அக்காவின் பாய்க்குப் பக்கத்தில், தரையில், அவள் முகத்துக்கு நேராக முகம் வரும்படி உட்கார்ந்தார்.

"வணக்கம். நீங்க எங்ககிட்ட வந்து தங்க விரும்புறீங்களா?"

நீங்க! எங்கள் லயத்தில் அக்காவை யாரும் அப்படிக் கேட்டதில்லை. 'அவ சாப்ட்டாளா? அவ தூங்குறாளா?' என்று எங்களைக் கேட்பார்கள். அக்காவின் கண் பெரிதானது. உதடு அசைந்தது, சொல் வரவில்லை. அம்மா அவசரப்பட்டு, "வருவா மிஸ், அவளுக்கு ஆசதான்," என்றார்.

மிஸ் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "அவங்களே சொல்லட்டும்மா. விருந்தாளி வாயால சம்மதம் சொன்னாத்தான் நாங்க சேத்துக்குவோம். அதான் எங்க ரூல். எனக்கு அவசரம் இல்ல."

காத்திருந்தோம். ஒரு நிமிடமாவது ஆகியிருக்கும்.

அக்கா சம்மதம் சொல்லவில்லை. கேள்வி கேட்டாள். "அங்க... கடல்... தெரியுமா?"

"இல்லத்துல இருந்து தெரியாது. ஆனா பக்கம்தான். சக்கர நாற்காலியில தள்ளிக்கிட்டுப் போயிறலாம். வெளிய போறதுக்குத் தனியா ஒரு ஃபாரம் இருக்கு, அதுல கையெழுத்து வேணும்."

"வர்றேன்," என்றாள் அக்கா. அம்மா பேனாவுக்குக் கை நீட்டினார்.

"நீங்க இல்லம்மா. இவங்களுக்கு இருவத்தாறு வயசு. இவங்கதான் போடணும். கைநாட்டு போதும்."

மிஸ் மைப்பெட்டியைத் திறந்தார். அக்காவின் விரல்கள் எப்போதும் முஷ்டியாக மூடியே இருக்கும். அவசரப்பட்டால் இன்னும் இறுகும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை மெல்ல மெல்ல வெளியே கொண்டுவந்தாள். முதல் ரேகை இழுபட்டு நீலத் தீற்றலாகிவிட்டது. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளுக்குப் போதவில்லை. "இன்னொண்ணு," என்றாள். இரண்டாவது, வரி வரியாகத் தெளிவாக விழுந்தது. அன்று முழுவதும் அந்த மையைக் கழுவ விடவில்லை அவள்.

பிறகு மிஸ் என் படிவத்தைப் புரட்டினார். "அம்மா, ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில?"

"ஆபரேஷனா? யாருக்கு?" என்றார் அம்மா.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. எல்லாம் போச்சு, என் ஒரு பொய்யால் அக்காவின் கடலே போச்சு என்று நினைத்தேன். நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அம்மாவின் பார்வை என்னை எரித்தது. மிஸ் கோபப்படவில்லை. படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவிடம் கேட்டார்.

"சரி, நெசத்தைச் சொல்லுங்க. அந்த ஏழு நாளு நீங்க என்ன செய்வீங்க?"

அம்மா தன் கையைப் பார்த்தார். "தூங்கணும் மிஸ்," என்றார்.  ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போலச் சொன்னார்.

மிஸ் நான் எழுதியதை அடித்துவிட்டு, மேலே ஒரே சொல்லை எழுதினார். ஓய்வு. "இந்த நிதிய குடுத்தவங்க இதுக்குன்னுதாம்மா குடுத்தாங்க. இதவிட நல்ல காரணம் எதுவும் வேணாம்."

வேன் வந்த காலையில் லயமே வாசலில் நின்றது. விருந்தாளி ஒரு பைதான் கொண்டுவரலாம் என்பது விதி. மருந்து, துணிமணி, இழுத்துக் குடிக்கும் குழாய் எல்லாம் வைத்து, அதற்கு மேல் அக்காவின் சிறிய ரேடியோவையும் திணித்துப் பையை மூடினேன். வேன் கிளம்பியதும் அம்மா பின்னாலேயே பத்தடி ஓடினார். அக்கா கண்ணாடி வழியாக எங்களைப் பார்க்கவில்லை. முன்னால் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலை ஐந்து மணியிலிருந்து ஆறு மணிவரை போனில் பேசலாம். வேன் போனதும் வேலைக்குப் போயிருந்த நான், அன்று மாலை தொழிற்சாலை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசிக்குச் சில்லறையோடு ஓடினேன். அந்தப் பக்கம் யாரோ அவள் காதருகே போனைப் பிடித்தார்கள். அவள் மூச்சு கேட்டது.

"அக்கா! நான்தான். எப்படிக்கா இருக்க?"

"அப்புறம்... பேசு," என்றாள். "கேரம்... ஆடறோம்."

போன் வைக்கப்பட்டுவிட்டது. விரல் விரியாத அக்கா எப்படிக் கேரம் ஆடுவாள்? ஒன்றும் புரியாமல் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அன்று காலைப் பசியாறிவிட்டுப் படுத்தவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லையாம். மறுநாளிலிருந்து இரண்டு நாள் நான் லீவு போட்டிருந்தேன். தூக்கம் தெளிந்த அம்மா நிலைகொள்ளாமல் தவித்தார். "சும்மா அந்தத் தெரு வரைக்கும் போயிட்டு வந்துரலாம்," என்றார். முதல் இரண்டு நாளும் வீட்டார் வரக்கூடாது, விருந்தாளி இடத்துக்குப் பழக வேண்டும் என்று தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "தெருவுக்குமா ரூலு?" என்று கேட்டுவிட்டுச் சேலை மாற்றப் போய்விட்டார்.

டவுனில் பஸ் இறங்கி, தெங்கேராவின் பழைய கடைவீடுகளைக் கடந்து நடந்தோம். இல்லத்தின் இரும்புக் கதவு வந்ததும் அம்மா தெருவோடு நிற்கவில்லை. கதவைத் தட்டினார். மிஸ் வந்தார்.

"நாளைக்கு வாங்கம்மா. இன்னைக்கு வேணாம்."

"எம்புள்ளய நான் பாக்குறதுக்கு ரூலா? ஒரு நிமிசம், தூர நின்னு பாத்துட்டுப் போயிர்றேன்."

"அவங்க ஒங்களப் பாத்துட்டா வீட்டு நெனப்பு வந்து, இங்க பழக மாட்டாங்கம்மா. இன்னும் ஒரே ஒரு நாளு."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வாயைத் திறந்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது. விக்கி விக்கி, மூச்சு பிடிபடாமல், மறுபடி வெடித்து வந்த உரத்த சிரிப்பு. அம்மா அப்படியே வாயை மூடிக்கொண்டார்.

"அவதானே அது?" என்று என்னிடம் கேட்டார்.

"அக்காதாம்மா."

அம்மா கதவுக் கம்பியைப் பிடித்தபடி, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி நடந்தார். தெருமுனைக் கடையில் சுடச்சுட மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம். அக்காவுக்கு ஊட்டி முடித்து ஆறிப்போனதைச் சாப்பிட்டே பழகியவர் அம்மா. ஒரு தட்டை முடித்துவிட்டு, கூச்சமே இல்லாமல் இன்னொன்று கேட்டார்.

மறுநாள் அவர் திரும்பப் போகவில்லை! அதற்குப் பதிலாக, "நீ தெனம் போற எடத்த நான் பாத்ததே இல்லியே," என்றார். ஆயர் குரோவுக்குக் கூட்டிப்போனேன். தொழிற்சாலையை வாசலிலிருந்து காட்டினேன். பிறகு மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். அங்கே அம்மா ஒரே ஒரு யானையை ஒரு மணி நேரம் பார்த்தார். நான் நகரலாம் என்றபோது, "என்ன அவசரம்? வீட்ல யாரு காத்துக்கிட்டு இருக்கா?" என்றார். சொன்னவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஏழு இரவு முடிந்து வேன் திரும்பி வந்தது. அக்கா கறுத்திருந்தாள். உதட்டில் வெயிலில் காய்ந்த தோல். இறக்கிப் படுக்கவைப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குச் சொல்ல ஏகப்பட்டது இருந்தது, மூச்சுதான் போதவில்லை. அங்கே கண் தெரியாத ஒரு பெண்ணும் தங்கியிருந்தாளாம். கேரம் பலகையில் அவள் கை, அக்காவின் கண். அக்கா எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்ல, அவள் சுண்டுவாள். அக்கா ஒரு சொல்லை முடிப்பதற்குள் அவசரப்பட்டுச் சுண்டிவிட்டால் காய் பறந்து யார் மடியிலாவது விழும். நாங்கள் வாசலில் கேட்டது அந்தச் சிரிப்புதான். ஊட்டியவருக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று இவளே சொல்லிக்கொடுத்தாளாம். இரண்டு முறை கடலுக்குப் போனாளாம். நாற்காலியோடு அலை தொடும் இடம்வரை இறக்கினார்களாம்.

"காலு... நனைஞ்சிச்சி," என்றாள் அம்மாவிடம். "குளுகுளுன்னு."

அம்மா அந்தக் கால்களைப் பிடித்துப் பார்த்தார். பாதத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தோட்டத்து ஆபீஸில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். என் பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை. உறையில் தட்டச்சு செய்திருந்தது அக்காவின் பெயர். அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது அதுவே முதல்முறை. நான் பிரிக்கப் போனேன்.

"குடு," என்றாள்.

உறையை அவள் மார்பின்மேல் வைத்தேன். முஷ்டியால் அழுத்திப் பிடித்து, பல்லால் ஓரத்தைக் கடித்து இழுத்தாள். பிடி வழுக்கியது. மறுபடி கடித்தாள். அம்மா உதவப்போகும் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். கிராணியும் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். உறை கிழிந்ததும் நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கைதட்டினோம்.

இந்த ஆண்டில் அவளுக்கு இன்னும் ஏழு இரவு மீதமிருக்கிறது, தேதியை அவளே தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை படிக்கச் சொன்னாள். பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றி, தாள் தாளாகப் புரட்டிக் காட்டச் சொன்னாள். தீபாவளி மாதத்தில் நிறுத்தினாள்.

"பலகாரம்... எடுத்துக்கிட்டு... போகணும். தீபாவளிக்கு... மறுநாளே."

அம்மா நாட்காட்டியை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "அப்படின்னா," என்றார் என்னிடம், "எனக்குப் பினாங்குக்கு பஸ் டிக்கெட் போடு. என் தங்கச்சிய நேர்ல பாத்து எத்தனையோ வருசமாச்சி."