ஐஸ் பெட்டிக்காரரின் மணிக்கணக்கு

அப்பா இறந்த அன்று எங்கள் மர்பி டவுன் வீட்டுக்கு ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் குள்ளமான மனிதர். பேசும்போதெல்லாம் தோள் துண்டால் பெட்டியின் கண்ணாடி மூடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார்.

வாசலில் இறக்கும்போதே கேட்டார்: "யாரு வரணும் சார்? எந்த ஊரு?"

"அண்ணன் சிகாகோவுல இருக்கான்."

"பிராங்பர்ட்ல மாறணும். வீட்டுலேர்ந்து கிளம்பினா முப்பது மணி நேரம் வெச்சுக்கங்க."

விமானமே ஏறாதவர். ஆனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து பெங்களூர் வர எத்தனை மணி நேரம் என்பது அவருக்கு மனப்பாடம். அத்தனை நேரம் பெட்டி ஓடவேண்டுமே.

"அவன் வரலைங்க," என்றேன் மெதுவாக. "லீவு கிடைக்கலையாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை."

அவர் பெட்டியை உள்ளே வைத்தார். அப்பாவைக் கிடத்தியதும் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சிகாகோவுலேர்ந்து வர எவ்ளோ நேரம் ஆகும்பா?"

துடைத்த கை நின்றது.

"எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா," என்றார்.

மறுநாள் பெட்டியை எடுத்துப்போக வந்தவர், அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பவே இல்லை.