முன் சக்கரத்துச் சூடு

எங்கள் தெருவில் என் அக்காவுக்குப் பெயர் புறங்கை. ஓடிவந்து நிற்கிற காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி சக்கரத்தருகே புறங்கையை நீட்டுவாள். "உள்ளங்கை காய்ச்சுப் போச்சுடி. அதுக்குச் சூடும் இல்லை, சொரணையும் இல்லை. புறங்கைதான் உள்ளதைச் சொல்லும்" என்பாள்.

பின்கதவை மேலே தூக்கித் திறக்கிற சின்னக் கார்களை மட்டும்தான் அவள் தொடுவாள். பெரிய கார் வந்தால் "இடம் பத்தாதுங்க" என்று அனுப்பிவிடுவாள். பட்டறையில் இடமெல்லாம் தாராளமாக இருக்கிறது. பெரிய கார்களை அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். துணி ஆலையில் ஒன்பது வருஷம் தையல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவள். ஒரு நாள் அடுத்த வீட்டுக்காரர் தூக்கிப் போட இருந்த செத்த கார் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து, வீட்டு வாசலிலேயே கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். மூன்றாவது முறை மாட்டியபோது அது ஓடியது. அம்மா மூன்று முறையும் அழுதாள், கடைசி முறை மட்டும் சந்தோஷத்தில்.

நான் அவள் தங்கை. பட்டறைக்கு உதிரிபாகம் வாங்கி வருவதும் வாடிக்கையாளர்களோடு சண்டை போடுவதும் என் வேலைகள். இரண்டாவது எனக்குக் கைவந்த கலை.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய மாணவியாகப் போனவள்தான் அக்கா. இரண்டாம் நாள் பாடத்திலேயே "சார், உங்க கிளட்ச் இன்னும் ரெண்டு வாரம்தான் தாங்கும்" என்றாளாம். பதினைந்தாம் நாள் கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. அதற்கடுத்த மாதம் பெண் கேட்டு வந்தார். தங்கமான மனுஷன்தான், ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கார் ஓட்டுவதற்கு நடந்தே போய்விடலாம். "கண்ணாடியைப் பாரு, கியரை மாத்து" என்று வாய் ஓயாது. எத்தனை மணி நேரப் பயணமாக இருந்தாலும் அடுத்தவர் ஓட்டும் வண்டியில் அவர் கண்ணயர்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

அவருடைய ஒரே கார் பதினாறு வயது நீலக் கார். பயிற்சிக் கார் என்பதால் ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் மிதி உண்டு. அந்தக் காருக்குத்தான் அந்த மாதம் ஏழரை பிடித்தது. வருடாந்தரச் சோதனையில் இரண்டு முறை தோற்றது. பதினைந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த அதிகாரி, வெப்பமானியைச் சக்கரத்தில் காட்டிவிட்டு இரண்டு முறையும் ஒரே வரிதான் எழுதினார்: முன் சக்கரங்களில் அளவுக்கு மீறிய சூடு. மூன்றாவது முறையும் தோற்றால் அது பயிற்சிக் காராகவே ஓடக் கூடாது. அத்தானுக்கு வேறு கார் இல்லை, வேறு தொழிலும் தெரியாது.

மூன்றாவது சோதனை அன்று மாலை மூன்று மணிக்கு. காலை பத்து மணிக்குப் பட்டறையில் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பிரேக் கட்டைகள் புதுசு, அவை கவ்விப் பிடிக்கிற சக்கரத் தட்டுகள் புதுசு, குழாய்கள் புதுசு, எண்ணெய் புதுசு. ஒட்டிக்கொள்ளும் என்று சந்தேகப்பட்ட, கட்டைகள் நகர்வதற்கான ஊசிகளை எல்லாம் கழற்றித் துடைத்து மசகு போட்டாயிற்று.

"நான் தனியா ஓட்டிட்டு வந்தா சக்கரம் ஜில்லுனு இருக்கு. இவரை ஏத்திக்கிட்டுப் போனா கொதிக்குது. நீ இவரை ஏத்திக்கிட்டு ஓட்டினாலும் அப்படித்தான். என்னடி கொடுமை இது?"

"அத்தான் எடை கூடிட்டார்க்கா" என்றேன்.

கிண்டலுக்குத்தான் சொன்னேன். அவள் துள்ளி எழுந்தாள். பழைய இரும்புத் துண்டுகள் நிரம்பிய இரண்டு சாக்கு மூட்டைகளை அத்தானின் இருக்கையில் ஏற்றி, பெல்ட்டும் போட்டுவிட்டு ஒரு சுற்று போய் வந்தாள். புறங்கையை நீட்டினாள். ஜில்லென்று இருந்தது!

"மூட்டையை உட்கார வச்சா குளிருது, புருஷனை உட்கார வச்சா சுடுது! ஏங்க, ஏறுங்க வண்டியில. நீ ஓட்டுடி. நான் பின்னால படுத்துக்கிட்டுப் பார்க்கிறேன்."

பின் இருக்கைக்கு முன்னால் கால் வைக்கிற அந்த இத்தனூண்டு இடத்தில், டார்ச்சோடு முடங்கிப் படுத்தாள். முன் இருக்கைக்கு அடியில், இரண்டாவது மிதியின் கம்பி எங்கேயாவது உரசுகிறதா என்று பார்ப்பது அவள் எண்ணம். நான் ஓட்டினேன். "கண்ணாடியைப் பாரு மச்சினி" என்றார் அத்தான். "பார்த்தாச்சு" என்றேன். "அங்க ஒரு சைக்கிள்." "தெரியுது அத்தான்."

"ஆ!" என்று கீழேயிருந்து ஓர் அலறல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடி அத்தான் அதைவிடப் பெரிதாக அலறினார். அக்கா இருக்கைக்கு அடியில் கையை விட்டு அவருடைய கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேன்! திருடனைப் பிடிச்சிட்டேன்! ஏங்க, இந்தக் கால் எங்க இருக்குன்னு பாருங்க!"

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அத்தான் குனிந்து தன் வலது காலை ஏதோ ஊரார் வீட்டுக் கால் மாதிரி பார்த்தார். அது மிதியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

"நான் அமுக்கவே இல்லையேம்மா."

"அமுக்கலை. சும்மா வச்சிருக்கீங்க. அது போதும், கட்டை தட்டை விட்டு நகராது." சட்டென்று அவளுக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது. "அடப்பாவி மனுஷா, அதான் இந்த வண்டிக்கு மட்டும் பிரேக் பல்பு மாசத்துக்கு ஒண்ணு போகுதா! நான் பல்பு கடைக்காரரைப் போய்த் திட்டிட்டு வந்தேனே!"

கையும் களவுமாக, இல்லை, காலும் களவுமாகப் பிடிபட்ட அத்தானைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"நான் ஓட்டறப்பவும் வச்சிருக்கீங்க. என் மேலயும் நம்பிக்கை இல்லையா?"

அத்தான் முகம் வாடிவிட்டது. "உன் மேல இல்லைம்மா. இருபத்திரண்டு வருஷமா எந்தப் பிள்ளை எப்போ எந்தப் பக்கம் திருப்பும்னு தெரியாமலே உட்கார்ந்திருக்கேன். இந்தக் கால் என்னைக் கேட்டு வேலை செய்யறதை எப்பவோ விட்டுடுச்சு."

அக்கா டார்ச்சை அணைத்தாள். அவளுக்கு வலித்தது. எனக்கும்தான்.

கோளாறு தெரிந்துவிட்டது, ஆனால் சிக்கல் தீரவில்லை. சோதனையில் அதிகாரிதான் ஓட்டுவார், ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்தே ஆக வேண்டும். வழியில் அவர் எங்கேயாவது "நிறுத்து" என்பார். இரண்டே நொடியில் ஆசிரியர் தன் மிதியால் வண்டியை நிறுத்த வேண்டும். ஆகவே காலைக் கட்டிப் போடவும் முடியாது, சும்மா விட்டுவைக்கவும் முடியாது.

"செருப்பைக் கழட்டுங்க. சம்மணம் போட்டு உட்காருங்க" என்றாள் அக்கா.

மூன்று மணிக்கு அதிகாரி காருக்குள் குனிந்து பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "என்னங்க இது, சாப்பிட உட்கார்ந்த மாதிரி?"

அக்கா மறைக்கவில்லை. "சார், ரெண்டு தடவையும் தோத்தது கார் இல்லை, இவர் காலு."

அவர் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார். "எப்படி வேணும்னாலும் உட்காரட்டும். ஆனா ரெண்டு நொடின்னா ரெண்டு நொடிதான்." எங்கள் இருவரையும் பின்னால் ஏறிக்கொள்ளச் சொன்னார்.

மனுஷன் வேண்டுமென்றே ஓட்டிய ஓட்டு இருக்கிறதே! வளைவில் வேகம் குறைக்கவில்லை. முன்னால் போன லாரியை ஒட்டிக்கொண்டே போனார். அத்தானின் மடித்த காலில் விரல்கள் சுருங்கி விரிந்தன. தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தபோது கால் அரை சாண் எழுந்தேவிட்டது. முட்டியை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிக்கொண்டார். அக்கா என் தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள், அவள் தொடை என்று நினைத்து. பத்து நிமிடம். பன்னிரண்டு. அத்தான் மெல்லத் திரும்பி, அழாத குறையாக உதட்டை அசைத்தார்: "மரத்துப் போச்சு."

"நிறுத்து!"

மரத்துப் போன காலை இரண்டு கையாலும் தூக்கி, விறகுக் கட்டையைப் போடுவது போல மிதியின் மேல் போட்டார் அத்தான். வண்டி நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால்."

நான் கத்தியே விட்டேன். ஆனால் சூடு பார்ப்பது பாக்கி இருந்தது. நிலையத்துக்குத் திரும்பியதும் அதிகாரி வெப்பமானியை எடுப்பதற்குள் அக்கா முன் சக்கரத்தருகே குந்திவிட்டாள். புறங்கையை நீட்டினாள். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். அதற்கப்புறம் அந்தக் கருவி என்ன சொன்னது என்று நான் பார்க்கவே இல்லை. முத்திரை விழுந்த சத்தம்தான் கேட்டது.

திரும்பும்போது அக்கா ஓட்டினாள். நான் பின்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். எங்கள் தெரு வரும்போதுதான், என்னைத் தவிர யாரும் பேசவில்லை என்பது உறைத்தது. கண்ணாடியைப் பார் என்று யாரும் சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன். அத்தான் இருக்கையில் காலை மடித்துப் போட்டபடி, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அக்காவும் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. பட்டறை வாசல் வந்தது. அவள் வண்டியை நிறுத்தவில்லை.

"சத்தம் போடாதேடி" என்று கிசுகிசுத்தாள். "இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்."