பச்சைக் கோடு போட்ட அட்டை

அந்தப் பொது மருத்துவமனையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. இருபத்தாறு வருடங்களாக லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஏறுகிறவர்களை எல்லாம் "மேலேயா, கீழேயா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. கண்காணிப்பாளரில் இருந்து கூட்டிப் பெருக்குகிற அம்மாக்கள் வரை எல்லோருக்கும் அவர் மேலேகீழே. தரைத்தளத்தில் நிற்கும் லிஃப்டுக்குக் கீழே போக ஏது வழி என்று யாராவது மடக்கினால், "கேக்க வேண்டியது என் வேலை. பதில் சொல்றது உங்க இஷ்டம்" என்பார்.

கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை என்பதுதான் உண்மை. ஆளைப் பார்த்தாலே மாடி தெரிந்துவிடும். துணிப்பையும் வெந்நீர்க் குடுவையுமாக வாயெல்லாம் பல்லாக வருகிறவர் இரண்டாம் மாடி, பிரசவ வார்டு. ஒரு கையால் இன்னொரு கையைத் தாங்கிக்கொண்டு வருகிறவர் முதல் மாடி, எலும்பு முறிவு. வாயைத் திறக்காமல் சுவரைப் பார்த்தபடி நிற்கிறவரிடம் மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டார். அந்த நாகரிகம் எல்லோருக்கும் வருவதில்லை.

அப்படிப்பட்ட லிஃப்ட், அந்த வருடம் இரண்டாவது மாதத்தில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது நின்றதுதான். ஏதோ ஒரு பாகம் வர வேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டால் அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே பத்து மாதம் ஓடிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், லிஃப்ட் இருக்கிற தைரியத்தில்தான் அதற்கு முந்தின மாதம் ரத்த அழுத்தப் பிரிவைத் தரைத்தளத்தில் இருந்து மூன்றாம் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். கீழே அவசர சிகிச்சைக்கு இடம் வேண்டியிருந்தது, நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. எழுபத்திரண்டு படி ஏறித்தான் ப்ரஷர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாகிவிட்டது.

வேலையில்லாத லிஃப்ட்காரரைச் சும்மா வைத்திருக்க எந்த நிர்வாகத்துக்கு மனசு வரும்? அவரையும் அவருடைய ஸ்டூலையும் அதே மூன்றாம் மாடிக்கு அனுப்பி, டோக்கன் கூப்பிடும் வேலையைக் கொடுத்தார்கள். முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வாரம், "இருபத்தி மூணு! வாங்கம்மா, உள்ள!" என்று கூப்பிடும் குரலில் தனக்கே ஒரு கம்பீரம் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு அவரை யாராலும் அந்த ஸ்டூலில் இருந்து கிளப்ப முடியவில்லை.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர்களின் குடும்பத்தாருக்கு, நோயாளி அட்டையின் ஓரத்தில் பச்சை மையால் ஒரு கோடு போட்டிருப்பார்கள். பச்சைக் கோடு இருந்தால் வரிசை கிடையாது. மற்றவர்கள் எட்டரைக்கே வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் மருமகளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போவார்கள். பச்சைக் கோட்டுக்காரர் வந்தார், உள்ளே போனார், கையை நீட்டினார், அவ்வளவுதான். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. குறைந்த சம்பளத்துக்குக் கூடுதல் மரியாதை என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள்.

மேலேகீழேயின் அக்காவுக்கும் பச்சைக் கோடு இருந்தது. அக்கா இவரை விட ஏழு வயது பெரியவர். அம்மா போன பிறகு இவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பியவர். ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் தையல் கடை வைத்திருந்தார். நாக்கில் ஊசி இருக்கும், மனசில் நூல் இருக்கும் என்று தெருவில் சொல்வார்கள். மாதத்துக்கு ஒரு புதன்கிழமை அக்காவின் முறை. ப்ரஷர் பார்க்கும் சிஸ்டர் கருவியை எடுத்து மேசையில் வைத்ததும் இவர் போனைப் போடுவார். "அக்கா, ரெடி. வா." ஐந்தாவது நிமிடம் அக்கா வந்துவிடுவார். வரிசையில் இருப்பவர்கள் முணுமுணுப்பதற்குள் இவர் கதவைத் திறந்து அவரை உள்ளே அனுப்பிவிடுவார். இருபத்தாறு வருட உத்தியோகத்தில் அக்காவுக்கு என்று அவர் செய்ய முடிந்தது இது ஒன்றுதான். அதனால் அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

ஆனால் அக்காவின் ப்ரஷர் மட்டும் இறங்குவேனா என்றது. ஒரு மாத்திரையில் ஆரம்பித்தது. அப்புறம் இரண்டு. அப்புறம் இரண்டாவதின் அளவைக் கூட்டினார்கள். போன மாதம் நூற்று அறுபத்தெட்டு. இதே நிலை நீடித்தால் அடுத்த புதன்கிழமை மூன்றாவது மாத்திரை என்று டாக்டர் எழுதிவிட்டார்.

இதற்கிடையில் ஒரு சாயங்காலம், மிஷினில் இருந்து எழுந்த அக்கா அப்படியே துணிக்குவியலின் மேல் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, துணி மெத்தென்று இருந்தது. கத்தரிக்கோல் ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

"எந்திரிச்சா தலை சுத்துதுடா. கண்ணு இருட்டிட்டு வருது. வயசாச்சுல்ல" என்றார் அக்கா.

"மாத்திரை ஒழுங்கா போடுறியா இல்லையா?"

"உன் மேல சத்தியமா போடுறேன். ரெண்டையும் போடுறேன். இதுல மூணாவது வேற வரப் போகுதாமே."

அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இரண்டு மாத்திரைக்கே இப்படி என்றால் மூன்று போட்டால் அக்கா எங்கே விழுவார், பக்கத்தில் கத்தரிக்கோல் எப்படிக் கிடக்கும்? போடாவிட்டால் ப்ரஷர் ஏறித் தலைக்குள் நரம்பு வெடித்துவிடும் என்கிறார்கள். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்கிற கதைதான். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அதே வாரம் ஆஸ்பத்திரியில் ஆண்டறிக்கை வேலை மும்முரமாக நடந்தது. சமூக நலப் பிரிவின் டாக்டரம்மா, தரைத்தள அறையில் அட்டைகளை மலையாகக் குவித்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வருடம் சொல்லிக்கொள்ளும்படியான வருடம். தெருத்தெருவாகப் போகும் நர்சுகள் போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு வீடுகளைப் பார்த்திருந்தார்கள். தடுப்பூசி விடுபட்ட குழந்தைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தார்கள். ப்ரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் நூற்றுக்கு நாற்பத்து நாலில் இருந்து ஐம்பத்தெட்டாகி இருந்தார்கள். ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. பச்சைக் கோட்டு அட்டைகள் அறுபத்திரண்டு. அதில் கட்டுக்குள் இருந்தவர்கள் பத்தொன்பது பேர்.

செய்தி கசிந்ததும் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். "நம்மளக் கல்யாணம் பண்ணா ப்ரஷர் வராம என்ன வரும்?" என்றார் மருந்துக் கிடங்குக்காரர். கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வரவில்லை. சொந்த ஊழியர் வீட்டையே கவனிக்க முடியாத ஆஸ்பத்திரி என்று பேர் வந்துவிடும், அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடலாமே என்றார்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றீங்களா சார்? ஏன்னு தெரியற வரைக்கும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் மேலேகீழேயைக் கீழே அனுப்பி ஒரு ரெஜிஸ்டரை எடுத்துவரச் சொன்னார். எடுத்துக்கொண்டு எழுபத்திரண்டு படி ஏறி வந்தவரைப் பார்த்து, "அறிக்கைக்காக ஊழியர் எல்லாருக்கும் ப்ரஷர் பார்க்கணுமாம். வாங்க, உங்களுக்கும் பார்த்துடலாம்" என்று கையில் பட்டையைச் சுற்றினார்.

நூற்று அறுபத்து நாலு.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மேலேகீழேவுக்கு உடனே இடது தோள் வலித்தது, நாக்கு வறண்டது, மகளின் கல்யாணத்தைப் பார்ப்போமா என்று சந்தேகம் வந்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது.

"பதறாதீங்க. படியேறி வந்த மூச்சு. தப்பு என்னோடதுதான், வந்த உடனே பார்த்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் பேசாம உட்காருங்க" என்றார் சிஸ்டர். "எல்லாரும் வெளிய உட்கார்ந்து மூச்சு அடங்கித்தானே உள்ள வர்றாங்க?"

இவர் உட்கார்ந்தார். கால் மணி கழித்துப் பார்த்தால் நூற்று இருபத்து நாலு. நிம்மதியாகப் பட்டையைக் கழற்றப் போன இவர் கை அப்படியே நின்றது.

"எல்லாருமா, சிஸ்டர்?"

மேசை மேல் அடுத்த வார அட்டைகள் அடுக்கியிருந்தன. அடுக்கின் ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சைக் கோடுகள். சிஸ்டரும் அவற்றைப் பார்த்தார்.

மேலேகீழே படியில் இறங்கின வேகத்தில் லிஃப்டே வெட்கப்பட்டிருக்கும். டாக்டரம்மாவின் அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை.

"டாக்டரம்மா, எங்க அக்காவுக்கு ப்ரஷர ஏத்தினது நான்தான்."

அவர் சொல்லி முடிக்கும் முன்பே டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. நெற்றியில் தட்டிக்கொண்டார். "கையில வெண்ணெய வச்சிக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேன்!" என்றவர், உடனே தெரு நர்சைப் போனில் பிடித்து, தையல் கடைக்குப் போகச் சொன்னார். இருபது நிமிடம் அந்த அறையில் மேலேகீழே நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

போன் வந்தது. கடையில் உட்கார்ந்த நிலையில் அக்காவுக்கு நூற்று நாலு. எழுந்து நின்றால் எண்பத்தாறு.

"இருக்கிற ரெண்டே அதிகம்" என்றார் டாக்டரம்மா. "இன்னைக்கே ரெண்டாவத நிறுத்தச் சொல்லிடறேன். மூணாவது மட்டும் ஆரம்பிச்சிருந்தா..." மேலேகீழே வெளியே வந்து, ஓடாத லிஃப்டின் கதவில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். பார்த்தவர்கள், பாவம், லிஃப்ட் மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மற்ற பச்சைக் கோட்டுக்காரர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உட்கார வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் மாத்திரை குறைந்தது. சிலருக்கு உண்மையிலேயே ப்ரஷர் இருந்தது. அவர்களைக் கல்யாணம்தான் கெடுத்தது என்று மருந்துக் கிடங்குக்காரர் இன்றும் சாதிக்கிறார். பச்சைக் கோட்டை எடுத்துவிட்டார்கள். அறை வாசலில் ஐந்து நாற்காலியும் ஒரு சுவர்க் கடிகாரமும் வந்தன. ஆண்டறிக்கையில் அதற்கு ஒரு முழுப் பக்கம். வரிசையில் காத்திருந்தவர்கள் நலமாகவும் சலுகை பெற்றவர்கள் அவதியாகவும் இருந்ததை டாக்டரம்மா ஒளிக்காமல் எழுதியிருந்தார். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டார், கொஞ்சம் சின்னதாக.

அடுத்த புதன்கிழமை அக்கா வந்தார். அன்று இவர் போன் செய்யவில்லை. அக்காவாகவே வந்து, கதவை நோக்கி நேராகப் போனார். இவர் ஸ்டூலில் இருந்து எழுந்து வழியை மறித்தார்.

"முப்பத்தெட்டு. அங்க போய் உட்காரு, அக்கா."

"முப்பத்தெட்டா? தம்பி உத்தியோகத்துல இருந்து என்னடா பிரயோஜனம்?"

"ஒண்ணும் இல்ல. உட்காரு."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துப் பெண்மணியின் ரவிக்கைத் தையலைப் பார்த்து, கை மடிப்பு சரியில்லை என்றார். அரை மணியில் இரண்டு ரவிக்கைக்கு ஆர்டர் பிடித்துவிட்டார். முப்பத்தெட்டைக் கூப்பிட்டபோது எழுந்து வரவே மனசில்லை. சிஸ்டர் பார்த்தார். நூற்று இருபத்தாறு. தலைசுற்றல் நின்றுவிட்டதா என்று கேட்டார். நின்றே விட்டது.

வெளியே வந்த அக்காவிடம் தம்பி எல்லாவற்றையும் சொன்னார். போன் போட்டதையும், நேரே உள்ளே விட்டதையும், தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்பதையும். அக்கா கேட்டுக்கொண்டே பையில் அட்டையை வைத்தார்.

"படியேறினதாலயாடா? அப்ப அது என் தப்புதான்."

"நீ என்ன பண்ணுவ?"

"நீ போன் போட்டதும் மிஷின அப்படியே விட்டுட்டு ஓடி வருவேன். ஒரு மாடிலயும் நிக்க மாட்டேன். நான் வர லேட்டாச்சுன்னா, அக்காவுக்காகக் கதவப் பிடிச்சிட்டு நிக்கிறான்னு அத்தனை பேர் முன்னாடி உன்ன யாராவது ஒரு சொல் சொல்லிட்டா? அதான் ஓட்டம்."

அடுத்த டோக்கனைக் கூப்பிட வேண்டும், முப்பத்தொன்பதுக்குரியவர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனாலும் மேலேகீழே கூப்பிடவில்லை. அக்காவின் பையை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து, தரைத்தளம் வரை ஒவ்வொரு படியாக இறக்கிவிட்டு வந்தார். வரிசையில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள்.